கடலுக்கும் நம்ம தெருவுக்கும் என்ன சம்பந்தம்?



"மலருக்கு நம்ம பகுதி வரலாறா ஏதாவது எழுதிக் குடுங்கக்கா" என்று செயலாளர் கேட்டபோது, ஆவடி டேங்க் தொழிற்சாலை பற்றியோ அம்பத்தூர் எஸ்டேட் பற்றியோ எழுதுவேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். கடலைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் சிரித்துவிட்டார். "நம்ம ஏரியாவுல எங்கக்கா கடல்? காணும் பொங்கலுக்கு மெரினா போறதோட சரி." அவர் சொல்வது நியாயம்தான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாமே கடற்கரையிலிருந்து 15, 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர்கள். ஆனால் 2015-லும் 2023-லும் நம்ம வீட்டுக்குள்ளே வந்த தண்ணிக்கும் அந்தக் கடலுக்கும் சம்பந்தம் உண்டு. எனக்கு இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது திருவொற்றியூருக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பம். 1993-ல் கல்யாணமாகி அம்பத்தூர் வந்தேன். வீட்டுக்காரருக்கு எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை. வந்த புதிதில் ராத்திரி தூக்கமே வராது. அலைச் சத்தம் இல்லாமல் தூங்கிப் பழக்கம் இல்லை. பிறகு மெஷின் சத்தம் பழகிப்போச்சு.

குப்பத்தில் எங்க ஆயா ஒரு கதை சொல்லும். "நம்ம பழைய வீடு அதோ அங்க இருந்துச்சு" என்று கடலுக்குள்ளே கையை நீட்டிக் காட்டும். நீட்டுகிற இடத்தில் அலைதான் தெரியும். வயசானவங்க ஏதோ சொல்றாங்க என்று விட்டுவிடுவோம். அது கதை இல்லை என்று எனக்குத் தெரிய ரொம்ப வருஷம் ஆனது.

சென்னைத் துறைமுகத்துக்கு 1875-ல் அடிக்கல் வைத்தார்கள். கட்டிக்கொண்டிருக்கும்போதே 1881 நவம்பரில் ஒரு பெரும்புயல் அடித்துச் சுவர்களை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். நம்ம கரையோரம் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் கடல் ஓட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் கடலுக்குள்ளே நீண்டு நின்று அந்த மணலை மறித்தது. மறிபட்ட மணல் தெற்குப் பக்கம் சேர்ந்து சேர்ந்துதான் இன்றைக்கு நாம் பார்க்கிற அகலமான மெரினா. வடக்குப் பக்கம் வரவேண்டிய மணல் வராமல் போனது. அலை எடுத்துக்கொண்டு போவது மட்டும் நிற்கவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கரை கரைந்துகொண்டே போனது. பாறாங்கல் கொட்டித்தான் இன்றைக்கும் அந்தச் சாலையைக் காப்பாற்றுகிறார்கள். கல் கொட்டிய இடத்தில் கரை நிற்கும், அதற்கு வடக்கே இருக்கிற அடுத்த குப்பத்தில் அரிப்பு ஆரம்பிக்கும். மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும்போதெல்லாம் என் பிள்ளைகளிடம் சொல்வேன், இது ஆயா வீட்டு மணல்டா என்று.

அதே மணல்தான் நம்மையும் பிடிக்கிறது. கூவம் என்றால் நாற்றம் பிடித்த கால்வாய் என்று மூக்கைப் பொத்துகிறோம். அது திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்கிற ஊர்ப் பக்கம் தொடங்குகிற ஆறு. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே பருத்திப்பட்டில் புகுந்து, திருவேற்காடு, மதுரவாயல், அமைந்தகரை, சேத்துப்பட்டு என்று சுற்றி நேப்பியர் பாலத்துப் பக்கம் கடலில் சேரும். சேருகிற அந்த முகத்துவாரத்தை மணல் மூடும், வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி தோண்டி விடுவார்கள். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்குப் போகும், அங்கிருந்து ரெட்டேரி, கடைசியில் எண்ணூர்ப் பக்கம் கடல். பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் செம்பரம்பாக்கம் நிரம்பினால் அடையாறு வழியாகக் கடல். ஆக மூன்று வாசல். மூன்றும் திறந்திருந்தால்தான் நம்ம தெரு காயும்.

புயல் நேரத்தில் என்ன ஆகிறது என்றால், காற்று கடலைக் கரைப்பக்கம் தள்ளி மட்டத்தை உயர்த்திவிடுகிறது. அன்றைக்குப் பௌர்ணமியோ அமாவாசையோ சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். "கடல் தண்ணி வாங்கல" என்று எங்க நைனா சொல்வார். தெருமுனையில் சாக்கடை அடைத்துக்கொண்டால் நம்ம வீட்டுக் குளியலறையில் தண்ணி மேலே ஏறும் இல்லீங்களா, அதே கணக்குதான். இங்கே ஏரியெல்லாம் வயலுக்காக வெட்டினவை. ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கால்வாய் வைத்திருந்தார்கள் முன்னோர்கள். வயல் போய் மனை ஆனது. கால்வாய் எங்கே போனது என்று கேட்டால், நம்மில் சிலபேர் வீட்டுக்கு அடியில்தான் தேடவேண்டும். என் வீடும் அதில் ஒன்றாக இருக்கலாம். வாங்கும்போது நாங்கள் விசாரிக்கவில்லை, மனை விலை மட்டும்தான் விசாரித்தோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை சுமார் ஆறரை மணிக்கு சுமத்ரா தீவுப் பக்கம் கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது. நம்ம கரைக்கு அலை வந்தபோது மணி ஒன்பதை நெருங்கியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலே அவகாசம் இருந்தது. ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை வரவில்லை. எங்க அம்மா கூடையோடு கரையில் உட்கார்ந்திருந்தது, படகு வருமென்று. கடல் இரைச்சல் வேற மாதிரி கேட்டதும் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த யார் பிள்ளையையோ தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியது. கூடை போச்சு, சுவர் போச்சு, அம்மா இருந்தது. எங்க நைனா அந்த நேரம் நடுக்கடலில் இருந்தார். படகுக்கு அடியில் அலை கடந்து போனதே அவருக்குத் தெரியாது. ஆழமான இடத்தில் சுனாமி அலை உயரமாக இருக்காது. கரைக்கு வந்துதான் நிமிர்ந்து நிற்கும். அவர் திரும்பி வந்து பார்த்தபோது கரையே மாறிக் கிடந்தது.

தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள். அதில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டம். இந்த எண்ணிக்கை எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியாத இன்னொரு எண்ணிக்கை இருக்கிறது. ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் 2005-ல் வெளியிட்ட அறிக்கையில், கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146 என்று இருக்கிறது. ஏன் இப்படி? ஆம்பளைங்க பலர் கடலுக்குள்ளே இருந்தார்கள், தப்பித்தார்கள். பொம்பளைங்க கரையில் மீனுக்குக் காத்திருந்தார்கள், இல்லையென்றால் வீட்டில் இருந்தார்கள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை, காலில் சுற்றுகிற புடவை. நீச்சல் யாரும் சொல்லித் தரவில்லை. கடலோரத்தில் பிறந்த எனக்கே நீச்சல் தெரியாது, என் அண்ணனுக்குத் தெரியும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அப்படித்தான் வளர்த்தார்கள்.

அதே நாளில் புதுச்சேரிக்குப் பக்கம் நல்லவாடு என்ற ஊரில் வேறு மாதிரி நடந்தது. அந்த ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு தகவல் மையம் வைத்திருந்தது. அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி என்று தினமும் ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொல்வார்கள். அன்று காலை சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் டிவியில் செய்தி பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். உடனே மைக்கில் சொன்னார்கள், ஊரே மேடான இடத்துக்கு ஓடியது. படகுகள் உடைந்தன, ஊர் ஜனம் பிழைத்தது. ஒரு போனும் ஒரு மைக்கும்தான். ஆனால் அந்த மைக்கை அன்றைக்குப் புதிதாக மாட்டவில்லை. ரொம்ப நாளாக மீன் நிலவரம் சொல்லிக்கொண்டிருந்த மைக், அதனால்தான் ஜனங்கள் நம்பி ஓடினார்கள்.

வேதாரண்யம் பக்கம் நாலுவேதபதி என்ற ஊர் இன்னொரு உதாரணம். 2002-ல் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகள் நட்டு கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார்கள். சாதனைக்காக நட்டதுதான். இரண்டு வருஷம் கழித்து வந்த அலை அந்தச் சவுக்குத் தோப்பில் மோதி வேகம் குறைந்துதான் ஊருக்குள் வந்தது.

சுனாமிக்குப் பிறகு அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. ஐதராபாத்தில் 2007 அக்டோபரில் சுனாமி எச்சரிக்கை மையம் திறந்தார்கள். 2012 ஏப்ரல் 11-ந் தேதி சுமத்ராவில் மறுபடி பெரிய நிலநடுக்கம் வந்தது ஞாபகம் இருக்கும், சென்னையிலேயே கட்டடங்கள் ஆடின. அன்று எச்சரிக்கை வந்தது, குப்பத்து ஜனங்கள் கரையை விட்டு வந்துவிட்டார்கள். பெரிய அலை வரவில்லை. "வெட்டியா ஓட வச்சிட்டாங்க" என்று அம்மா திட்டியது. திட்டுவதற்கு ஆள் இருக்கிறார்களே என்று எனக்கு நிம்மதி.

சுனாமியில் வீடிழந்தவர்களில் பலபேரைச் செம்மஞ்சேரி, கண்ணகி நகர் என்று தூரத்தில் குடியமர்த்தினார்கள். கான்கிரீட் வீடு கிடைத்தது. விடியற்காலையில் மீன் எடுக்கப் போகிற பொம்பளைக்கு அங்கிருந்து கடலுக்குப் போக பஸ் காசும் நேரமும் கட்டவில்லை. உயிரைக் காப்பாற்றுவது ஒன்று, பிழைப்பைக் காப்பாற்றுவது இன்னொன்று. இரண்டையும் சேர்த்து யோசிக்காத திட்டம் எதுவும் பொம்பளைங்க தலையில்தான் விடியும் என்பது என் அபிப்பிராயம்.

வெளியூர் அனுபவமும் கொஞ்சம் சொல்கிறேன். 1970-ல் இப்போதைய வங்கதேசத்தில் அடித்த போலா புயலில் லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு தொண்டர்களைச் சேர்த்து, ஊர் ஊராக எச்சரிக்கை சொல்ல ஏற்பாடு செய்தார்கள். அப்படியும் 1991 புயலில் ஒரு லட்சத்துக்கு மேலே போனார்கள், அதிலும் பெண்கள்தான் அதிகம். வீட்டுக்காரர் வராமல் கிளம்பக் கூடாது, பாதுகாப்புக் கூடத்தில் பெண்களுக்குத் தனி இடம் இல்லை, இப்படிக் காரணங்கள். இப்போது அங்கே தொண்டர்களில் சரிபாதி பெண்கள். நம்ம ஒடிசாவில் 1999 புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013-ல் பைலின் புயல் வந்தபோது ஏறக்குறைய 10 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள், இறந்தவர்கள் 50-க்கும் குறைவு. நடுவில் இருந்த 14 வருஷத்தில் கூடங்கள் கட்டினார்கள், ஒத்திகை பார்த்தார்கள், ஊருக்குள்ளே ஆள் பழக்கினார்கள்.

இனி நம்ம கதைக்கு வருகிறேன். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஆரம்பித்தது உங்களுக்குத் தெரியும், பயிற்சியில் எல்லாருக்கும் சொல்லித் தருகிறார்கள். எங்கள் குழு 2001-ல் தொடங்கியது. 2015-ல் நான்தான் ஊக்குநர். அந்த நவம்பர் முழுக்க மழை. டிசம்பர் 1-ந் தேதி ஒரே நாளில் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு மூணரை டி.எம்.சி.க்கு மேல். அன்று ராத்திரி விநாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் திறந்தார்கள். அடையாறு ஓரத்தில் இருந்தவர்கள் பட்ட பாட்டை நாடே பார்த்தது. மாநிலம் முழுக்க அந்த மழைக்காலத்தில் 400-க்கும் மேற்பட்டோர் போனார்கள். 2018-ல் சட்டசபையில் வைத்த தணிக்கை அறிக்கை அதை மனிதர் செய்த பேரிடர் என்றே சொன்னது.

எங்க தெருவுக்கு வந்தது ஏரித் தண்ணி. சத்தமே இல்லாமல் வந்தது. கடல் சத்தம் போட்டுக்கொண்டு வரும், அதனால் எனக்குக் கடலைத்தான் தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்குக் காலைக் கீழே வைத்தேன், கணுக்கால் நனைந்தது. பிள்ளைகள், அரிசி, கேஸ் அடுப்பு, ரேஷன் கார்டு எல்லாம் மாடி வீட்டுக்குப் போனது. கட்டிலுக்கு அடியில் இருந்த குழுவின் தகரப் பெட்டியை மறந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் திறந்து பார்த்தால் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், தனிநபர் பேரேடு எல்லாம் கூழ். வங்கிப் பாஸ்புத்தகம் வைத்து வங்கிக் கடன் கணக்கை எடுத்துவிட்டோம். உள்கடன்தான் சிக்கல். யார் எவ்வளவு கட்டினார்கள் என்பது அந்தக் கூழுக்குள்ளே இருந்தது. ஒரு அக்கா மூன்று தவணை கட்டிவிட்டேன் என்றார், மற்றவர்கள் இரண்டு என்றார்கள். எனக்கும் உறுதியாக ஞாபகம் இல்லை. 1,500 ரூபாய் விஷயம். நாலு கூட்டம் பேசியும் தீரவில்லை. கடைசியில் அந்த அக்கா பணத்தை மறுபடி கட்டிவிட்டுக் குழுவை விட்டுப் போய்விட்டார். கட்டாதவங்க இப்படி மறுபடி கட்டுவாங்களா என்று பிறகுதான் தோன்றியது. போய்க் கூப்பிட்டேன், வரவில்லை. இன்றும் மார்க்கெட்டில் பார்த்தால் நலம் விசாரிப்போம், அதோடு சரி.

அதற்கப்புறம்தான் இந்தப் பழக்கங்கள் வந்தன. ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் எல்லாப் பக்கத்தையும் இரண்டு பேர் போனில் படம் எடுத்துக்கொள்வது. அக்டோபர் வந்தால் பெட்டி மாடி வீட்டு உறுப்பினரிடம் போவது. 1070 மாநில அவசர எண், 1077 மாவட்ட எண், இரண்டையும் எல்லார் போனிலும் போட்டு வைப்பது. தெருவில் நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள், தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யார் யார், அவர்களைத் தூக்கப் போவது யார் என்று பெயர் எழுதி வைப்பது. அதையெல்லாம் எழுதும்போது சிலர் "அபசகுனமா பேசாதீங்க" என்றார்கள். 2016-ல் வர்தா புயலில் மரமாக விழுந்தபோது அந்தப் பட்டியலுக்கு வேலை இல்லை.

2023 டிசம்பர் 3, 4-ல் இருந்தது. மிக்ஜாம் புயல் சென்னையைத் தாண்டாமல் கடலில் மெதுவாக ஊர்ந்துகொண்டே மழையைக் கொட்டியது, 5-ந் தேதிதான் ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரை கடந்தது. ஆறுகளின் தண்ணியைக் கடல் சுலபத்தில் வாங்கவில்லை. எஸ்டேட் முழுக்கத் தண்ணி, பட்டறைகளில் மெஷின்கள் முழுகின. எங்கள் பட்டியலில் முதல் பெயர், பக்கவாதத்தில் படுத்திருந்த ஒரு மாமியார். இருட்டுவதற்கு முன்னாடியே நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோனோம். "என்னைப் பல்லக்குல தூக்கறீங்களாடி" என்று அந்தம்மா கேட்டது. இரண்டு மணி நேரத்தில் அவர் படுத்திருந்த கட்டில் மட்டத்துக்குத் தண்ணி வந்துவிட்டது.

அதே வாரம் எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து படகு, வலை எல்லாம் கறுப்பாகிவிட்டன. மீன் வாங்க ஆள் இல்லை. எங்க அம்மா கை விரல் இடுக்கில் கறை போகப் பல நாள் ஆனது.

விஞ்ஞானிகள் சொல்கிற கணக்கும் உண்டு. 1901-லிருந்து 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. இப்போது வருஷத்துக்கு மூணரை மில்லிமீட்டருக்கு மேல் ஏறுகிறது. ஒரு அரிசி மணியின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் இங்கே நிலம் ரொம்பத் தட்டை. முகத்துவாரத்தில் ஏறுகிற ஒவ்வொரு விரற்கடையும் நம்ம ஏரித் தண்ணி வடிகிற நேரத்தைக் கூட்டும். குப்பத்துக்குக் கரை போகும், நமக்கு வடிகால் போகும்.

அதனால்தான் போன கூட்டத்தில் ஒரு யோசனை வைத்தேன். வடசென்னைக் கடற்கரையில் இருக்கிற ஒரு குழுவோடு நம்ம கூட்டமைப்பு ஜோடி சேர வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் அவர்கள் பிள்ளைகளோடு நம்ம மாடி வீடுகளுக்கு வரட்டும். நமக்கு வெள்ளம் வந்தால் அவர்கள் படகோடு வரட்டும், 2015-ல் சென்னையில் ஜனங்களைத் தெருத் தெருவாகப் படகில் மீட்டவர்களில் மீனவர்கள் எத்தனையோ பேர். யோசனைக்கு ஆதரவும் இருந்தது, முணுமுணுப்பும் இருந்தது. "நம்மளுக்கே இடம் பத்தலையேக்கா" என்றார்கள். 11 வீட்டுக்காரர்கள் பெயர் கொடுத்தார்கள்.

சந்தோஷமாக அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மீன் கூடையோட வந்தா உள்ள விடுவாங்களா?" என்று கேட்டது.

அந்தக் கேள்வியை அடுத்த மாதக் கூட்டத்தில் அப்படியே கேட்கப் போகிறேன். தீர்மானப் புத்தகத்தில் பதிலை எழுதி, படமும் எடுத்து வைப்போம்.